பனி மலையில கத்துக்குட்டி கைடு வேலை கெடைச்சிருக்கு, போலாமுங்களா?

தறிச்சத்தம்:
வணக்கமுங்க. நான் சூலூர் பக்கம், வயசு 25. வூட்ல 8 தறி ஓடுது, நானும் என்ற அய்யனும் தான் பாத்துக்கறோம். சின்ன வயசுல இருந்தே மலைன்னா ஒரு கிறுக்குங்க, சிவராத்திரி முடிஞ்சா வெள்ளியங்கிரி தான், இதுவரைக்கும் 23 தடவை ஏறியாச்சு, வயசானவிய புதுசா வர்றவியளையெல்லாம் கையப்புடிச்சுக் கூட்டீட்டுப் போயி எறக்கி உட்டிருக்கறேன். போன வருசம் உத்தரகாசியில பேசிக் மவுண்டனியரிங் கோர்ஸ் முடிச்சேன், ஏ கிரேடு. அங்க பழக்கமான ஒரு பையன் மூலியமா இப்ப மணாலி பக்கம் ஒரு ட்ரெக்கிங் கம்பெனில இருந்து கூப்புடறாங்க, மே ஜூன் ரெண்டு மாசம், ஃப்ரெண்ட்ஷிப் பீக்குக்கு ஆள் கூட்டீட்டுப் போற டீம்ல அசிஸ்டன்ட். தங்கறது சாப்பாடு அவிய பாத்துக்குவாங்க, மாசம் 12,000. பேரு தான் அசிஸ்டன்ட் கைடு, ஆனா மொத சீசன் கத்துக்கறதுக்குத் தான்னு வெளிப்படையாவே சொல்லிப்போட்டாங்க.

அங்க என்னைய என்ன வேலை வாங்குவாங்க, நெசமாவே கைடு வேலை சொல்லித் தருவாங்களா இல்ல மூட்டை தூக்க உட்டுட்டு சீசன் முடிஞ்சதும் தாட்டி உட்டுருவாங்களா? கோர்ஸ்ல 28 நாள் இருந்தது வேற, அங்க நான் ட்ரெய்னி, என்னைய மட்டும் பாத்துக்கிட்டா போதும். ஹிந்தியும் அரைகொறை தான். வூட்ல அய்யன் மூஞ்சி குடுத்தே பேசறதில்ல, அம்மா 2022ல அந்த திரௌபதி கா தண்டா பனிச்சரிவு நியூஸ டிவில பாத்ததுல இருந்து மலைன்னாலே அழுகுது. அனுபவம் இருக்கறவிய ஆராவது சொல்லுங்ணா.

மேட்டாங்காட்டான்:
வெள்ளியங்கிரி 23 தடவை ஏறுனவனெல்லாம் கைடுன்னா பூண்டியில தடி விக்கறவரு எவரெஸ்ட்டுக்கே கைடா போலாமுங்க 😄 சும்மா சொன்னேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. போயிட்டு வாங்க, தறி எங்கயும் ஓடிப்போயிராது.

பச்சமலை_கோபி:
மேல இருக்கறவரு வெளையாட்டுக்குச் சொன்னாலும் அதுல ஒரு விசியம் இருக்குது தம்பி. நான் கோபிக்காரன், இதே மாதிரி தான் போனேன், மூணு சீசன் இருந்தேன், அதுல ரெண்டு சீசன் ஃப்ரெண்ட்ஷிப் பீக்கே தான். வெள்ளியங்கிரி ஏழாவது மலையே 2,000 மீட்டருக்குள்ள தானுங்க, ஃப்ரெண்ட்ஷிப் 5,289 மீட்டர். அந்த ஒசரத்துல நம்மூர்ல கெடைக்கற காத்துல ஏறக்கொறைய பாதி தான் கெடைக்கும். காலு நல்லா இருக்கறது ஒரு கணக்குத் தான், அங்க வர்ற எல்லாருக்குமே காலு நல்லாத்தான் இருக்கும்.

வேலை என்னன்னு கேட்டீங்க. மொத பத்து நாளு நான் கவுத்தையே தொடலீங்க, கிச்சன் டென்ட் தான். பனிய உருக்கித் தண்ணி காச்சறது இருக்குதே, அது ஒரு தனி வேலை. மொத நாளு குண்டாவுல பனிய மட்டும் அள்ளிப்போட்டு அடுப்ப பத்த வெச்சேன், அடி தீஞ்சு தண்ணி முச்சூடும் கருகுன வாசம், பன்னெண்டு பேரு அந்தத் தண்ணியத்தான் குடிச்சாங்க. அடியில ஒரு டம்ளர் தண்ணி ஊத்திட்டு அதுக்கு மேல தான் பனிய கொஞ்சங் கொஞ்சமாப் போடோணும், இது ஒரு கோர்ஸ்லயும் என்ற மண்டையில ஏறல. 4,000 மீட்டர்ல தண்ணி 87 டிகிரி பக்கமே கொதிச்சுரும், குக்கர் இல்லாம பருப்பு வேகவே வேகாது. ஒருநா நம்மூரு அரிசிம்பருப்பு சோறு செஞ்சு போட்டேன், அதுல இருந்து என்ற பேரே அங்க மாறிப்போச்சு, அது வேற கதை.

எங்க சீனியர் நேபாளத்துக்காரரு. அவர "தாய்"னு தான் கூப்புடோணும், அவிய பாசையில அண்ணன்னு அர்த்தம். நான் போன்ல "தாய் சொன்னாரு, தாய் திட்டீட்டாரு"ன்னு சொல்லப்போயி, எங்கம்மா "அங்க எவடா உனக்கு இன்னொரு தாய்"னு ஒரு வாரம் வெசனப்பட்டுட்டு இருந்துச்சு. அந்த மனுசன் வாயத் தொறந்து பாடம் நடத்தினதே கெடையாது. ராத்திரி பனி கொட்டுனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா என்னைய எழுப்பி உடுவாரு, எல்லா டென்ட்டு மேலயும் பனிய தட்டி உடோணும், இல்லீன்னா பாரம் ஏறி அப்புடியே உக்காந்துரும், உள்ள காத்தும் அடைச்சுக்கும். ஏன்னு கேட்டா சொல்லமாட்டாரு, தட்டுன்னு மட்டும் தான். மூணாவது வாரம் பக்கத்து கேம்ப்ல ஒரு டென்ட்டு கம்பி மடங்கிப்போச்சு, அன்னைக்கு என்னையக் கூட்டீட்டுப் போயி அதைக் காட்டுனாரு. ஒண்ணும் சொல்லல, காட்டுனாரு, அவ்வளவு தான்.

பொறகு தான் க்ராம்பான் மாட்டி உடற வேலை, பனியில வழுக்காம இருக்க ஷூவுக்கு அடியில மாட்டற இரும்பு முள்ளு அது. கேக்கறதுக்குச் சின்ன வேலையாட்டத் தெரியும். வெடியக்காலம் ஒரு மணி, தலையில டார்ச், மைனஸ்ல குளிரு, பத்து பேரு காலு, ஒவ்வொருத்தருக்கும் வாரு இறுக்கமா இருக்குதா, கவுறு மாட்டறதுக்கு இடுப்புல கட்டற ஹார்னஸ் பக்கிள்ல வாரு திருப்பிப் போட்டிருக்குதா, தண்ணி பாட்டில் தலகீழா வெச்சிருக்கறாங்களா, மூடிக்கிட்ட ஐஸ் கட்டாம இருக்கறதுக்கு. க்ளவுஸ் போட்டுட்டு வாரு இழுக்க முடியாதுங்க, கழட்டுனா ரெண்டு நிமிசத்துல வெரலு மரத்துப்போயிரும். கழட்டி மாட்டி கழட்டி மாட்டி, நாலாவது ஆளுக்கே அழுகை வந்துருச்சு எனக்கு. அவ்வளவு சீக்கிரம் எதுக்குக் கெளம்பறோம்னு கோர்ஸ்லயே சொல்லியிருப்பாங்க, வெயில் ஏறுனா பனி கஞ்சியாட்டம் ஆயிரும், பொளவு மேல மூடியிருக்கற பனிப்பாலமும் அப்பத்தான் எளகும், கல்லு உருளும், அதனால உச்சிக்குப் போனாலும் போகாட்டியும் இத்தனை மணிக்குத் திரும்பீரோணும்னு ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க.

அந்தத் திரும்பற நேரம் இருக்குது பாருங்க, கைடு வேலைல எனக்கு அது தான் பெரிய பாடு. ரெண்டாவது சீசன்ல ஒருத்தரு வந்தாரு, திருப்பூர்க்காரரு, பனியன் கம்பெனி வெச்சிருக்கறவரு, நாப்பது வயசிருக்கும். நம்மூருக்காரன்னு தெரிஞ்சதும் ரெண்டு பேருக்கும் கொண்டாட்டம், மூணு நாளும் என்ற கூடவே தான் நடந்தாரு, வூட்ல மொதலாளி அங்க என்ற கிளையண்ட். சம்மிட் அன்னைக்கு நான் தான் கடைசி, எப்பவும் கத்துக்குட்டி தான் கடைசியா நடக்கோணும், ஆரு பின்தங்கறாங்கன்னு பாத்துக்கிட்டே வரோணும். உச்சிக்கு 200 மீட்டர் தான் இருக்கும், கண்ணுக்கு நேரா தெரியுது. மனுசன் க்ராம்பான் முள்ளுல தன்ற பேன்ட்டையே ரெண்டு தடவை மாட்டிக்கிட்டாரு. களைப்புன்னு தான் நான் நெனைச்சேன். மேல இருந்து தாய் எறங்கி வந்தாரு, பனில ஒரு கோடு போட்டு குதிகாலையும் வெரலையும் ஒட்ட வெச்சு அது மேல பத்து அடி நடக்கச் சொன்னாரு. மூணாவது அடில சாஞ்சுட்டாரு. மூளைல நீர் கோக்கறதுக்கு அது ஒரு அறிகுறிங்க, தள்ளாட்டம். அங்கயே முடிவாயிருச்சு, எறங்கோணும்.

ஆனா அதை அவருகிட்டச் சொல்ற வேலைய தாய் என்ற தலையில கட்டீட்டாரு, உன்ற பாசைக்காரன் தானே நீயே சொல்லுன்னு. நான் சொன்னேன். "ஏந்தம்பி, நம்மூருக்காரனா இருந்துட்டு நீயே இப்புடிச் சொல்லலாமா, இத்தனை செலவு பண்ணி வந்திருக்கறேன், இன்னும் அரைமணி நேரம் தானே"ன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. அந்த எடத்துல நான் தாயப் பாத்தேன், அவரு வேணும்னே வேற பக்கம் பாத்துட்டு நின்னாரு. அன்னைக்குத் தான் எனக்கு வேலை புரிஞ்சுது. எறக்கி உட்டோம், அவர நடுவுல வெச்சு முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர் கவுறு கட்டி, ஒரே மூச்சுல பேஸ் கேம்ப்புக்கும் கீழ. பொழுதோட நல்லாயிட்டாரு. ரெண்டு நாளு என்ற கூடப் பேசவே இல்ல. பஸ் ஏறறப்ப தன்ற நல்ல க்ளவுஸக் கழட்டி என்ற கைல திணிச்சுட்டு மூஞ்சியப் பாக்காம ஏறீட்டாரு.

மூட்டை தூக்க உடுவாங்களான்னா, ஆமா, உடுவாங்க. அதுக்கு வெசனப்படாதீங்க, கவுறு, பனியில அடிக்கற ஸ்னோ ஸ்டேக், ஐஸ்ல முறுக்கற ஐஸ் ஸ்க்ரூ எல்லாம் தூக்கறவன் கிட்டத்தான் கவுறு கட்ட நங்கூரம் அடிக்கவும் சொல்லுவாங்க. நீங்க அடிச்ச ஸ்டேக்க மூணு பேரு சேந்து இழுத்துப் பாப்பாங்க, புடுங்கிட்டு வந்துச்சுன்னா மறுக்கா அடிக்கோணும். என்றது மொத நாளு நாலு தடவை புடுங்குச்சு.

சுக்குக்காப்பி:
கோபி அண்ணா எழுதினதுல பாதிய என்ற வூட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன், அடுத்த வருசம் கேதார்காந்தா மலைக்கு ட்ரெக் போலாம்னவரு சந்தகை போட்டுத் தர்றேன் வூட்லயே இருக்கலாம்னுட்டாரு 😂

நான் கோயமுத்தூர்ல நர்ஸா இருக்கறேன், கேதார்காந்தாவும் இன்னும் ரெண்டு ட்ரெக்கும் போயிருக்கறேன், அதனால ஒடம்பு விசியம் மட்டும் சொல்றேன் தம்பி. நம்மூரு ஒடம்பு குளிருக்கு ஆகாதுன்னு வூட்ல சொல்லுவாங்க, அது அவ்வளவு பெரிய விசியமே இல்ல, குளிருக்குத் துணி இருக்குது. ஒசரத்துக்குத் துணி கெடையாது. 3,000 மீட்டருக்கு மேல போனா ராத்திரி படுக்கற எடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரே எடத்துல தங்கோணும், இது இமயமலைக்காரனுக்கும் ஒண்ணு தான் சூலூர்க்காரனுக்கும் ஒண்ணு தான். கைடுக இதுல தப்பு பண்றது எங்கன்னா, ஒரு பேட்ச எறக்கி உட்டுட்டு நாலு நாளு கீழ இருந்துட்டு அடுத்த பேட்ச்சோட திடுதிப்புன்னு ஏறறது, நமக்குத்தான் பழகிப்போச்சேன்னு. கொஞ்ச நாள்லயே அந்தப் பழக்கம் கொறைய ஆரம்பிச்சுரும். தலவலி வாந்தி வந்தா ஒத்துக்கோணும், கைடா இருந்துட்டு எப்புடிச் சொல்றதுன்னு மறைக்கறவிய தான் ஆபத்துல மாட்டறாங்க. படுத்திருக்கறப்பவும் மூச்சு வாங்குதா, இருமலு நெஞ்சுல கரகரன்னு கேக்குதா, அது நுரையீரல்ல நீர், அன்னைக்கே எறங்கோணும், ராத்திரின்னு பாக்கக்கூடாது. ஒசரத்துல வர்ற தலவலி வாந்திக்குன்னு டயமாக்ஸ் மாத்திரைய ஆரோ குடுத்தாங்கன்னு முழுங்காதீங்க, சல்ஃபா மருந்து ஆகாதவியளுக்கு அது ஒத்துக்காமப் போலாம், போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டக் கேட்டுக்கோங்க.

அப்புறம் கண்ணு. பனியில பட்டு வெயிலு கீழ இருந்தும் அடிக்கும், எனக்கு தாவாக்கட்டையும் மூக்குத் தொளைக்குள்ளயும் தோலு உரிஞ்சுது, ஆரும் அங்க க்ரீம் போடச் சொல்லவே இல்ல. மேகமா இருந்தாக்கூட கண்ணாடி கழட்டக்கூடாது, அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ராத்திரி கண்ணுல மண்ணள்ளிப் போட்டாப்புல இருக்கும்.

அம்மா பயப்படறது நெசம் தானே தம்பி. 2022 அக்டோபர் 4ந்தேதி அந்த திரௌபதி கா தண்டாவுல 29 பேரு போயிட்டாங்க, எல்லாம் ட்ரெய்னிகளும் சொல்லிக்குடுக்கறவியளும் தான். அதுல சவிதா கன்ஸ்வால்னு ஒரு பொண்ணு, அந்த வருசம் மே மாசந்தான் 16 நாள்ல எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறுனவ. நல்லாத் தெரிஞ்சவியளுக்கும் நடக்கும்னு தான் சொல்ல வர்றேன், அம்மாகிட்ட ஒண்ணும் ஆகாதும்மான்னு பொய் சொல்லாதீங்க.

பெருந்துறை_டு_ஜெனீவா:
நான் வேலைக்கு வந்த எடத்துல இருந்து பிரான்ஸ்ல இருக்கற சாமனிங்கற மலையூரு ஒண்ணரை மணி நேரம் தான், அடிக்கடி போவேன், மலை ஏற இல்லீங்க, காப்பி குடிச்சுட்டு மோன் ப்ளாங் மலைய அண்ணாந்து பாத்துட்டு வர. அங்க கைடுகளுக்குன்னு ஒரு சங்கம் இருக்குது, 1821ல ஆரம்பிச்சது. அதுக்கு முந்துன வருசம் மோன் ப்ளாங்ல பனிச்சரிவுல மூணு கைடுக செத்துப்போனாங்க, அதுக்கப்புறம் தான் சங்கமே வந்துது. இங்கயும் கத்துக்குட்டி கைடுன்னு ஒரு படி இருக்குது, ஆஸ்பிரண்ட் கைடும்பாங்க, முழுக் கைடு ஒருத்தரோட பொறுப்புல தான் வேலை பாக்கோணும். அந்தப் படிப்புல சேர்றதுக்கே இதுவரைக்கும் ஏறுன மலைக முழுசாப் பட்டியல் எழுதிக் குடுக்கோணும். உங்க ஊர்க்காரன்னு ஒரு உரிமைல சொல்றேன், இன்னைல இருந்தே ஒரு நோட்டு போடுங்க. தேதி, மலை, எந்த வழி, கூட ஆரு, பனி எப்புடி இருந்துச்சு, எத்தனை மணிக்குத் திரும்பினீங்க. உச்சி தொடாம வந்ததையும் எழுதுங்க, பாக்கறவிய அதைத்தான் மொதல்ல பாப்பாங்க. நேபாளத்து கைடு சங்கம் 2012ல இருந்து உலக கைடு கூட்டமைப்புல உறுப்பு, கோபி தம்பியோட தாய் மாதிரி ஆளுககிட்ட வேலை பழகறது சும்மா இல்லீங்க.

தறிச்சத்தம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கோபி அண்ணா உங்க பதிவ ராத்திரி மூணு தடவை படிச்சேன். அந்தத் திருப்பூர்க்காரர் மாதிரி ஒருத்தர் என்ற கையப் புடிச்சா நான் என்ன பண்ணியிருப்பனோ தெரியல. வெள்ளியங்கிரில நான் ஒருத்தரையும் திருப்பி அனுப்பினதே இல்ல, தூக்கிக்கிட்டாவது மேல கொண்டு போயிருவேன், அதைத்தான் இத்தனை நாளாப் பெருமையாச் சொல்லிட்டு இருந்தேன்.

கம்பெனிக்குப் போன் பண்ணி வேற என்ன கேக்கோணுமுங்க? சம்பளம் எச்சாக் கேக்க மனசு வரல.

பச்சமலை_கோபி:
சம்பளத்த உடுங்க, மொத சீசன் அவ்வளவு தான் குடுப்பாங்க, கிளையண்ட்டுக குடுக்கற டிப்ஸ எல்லாரும் பங்கு போட்டுக்குவாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க. முக்கியமா இன்சூரன்ஸ். கிளையண்ட்டுக்கெல்லாம் இருக்கும், டீம் ஆளுக பேரு அதுல இருக்குதான்னு பேப்பர்ல காட்டச் சொல்லுங்க, எனக்கு மொத சீசன் முச்சூடும் பேரே சேக்கலீன்னு கடைசில தான் தெரிஞ்சுது. பொறகு ஒரு சீனியருக்கு எத்தனை கிளையண்ட்டு, பேஸ் கேம்ப்ல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குதா, பனிச்சரிவுல பொதைஞ்சா சிக்னல் வெச்சுத் தேடற ட்ரான்ஸீவர், குத்திப் பாக்கற ப்ரோப் கம்பி, தோண்டற ஷவல் வெச்சிருக்கறாங்களா. பொதைஞ்சவனுக்கு மொத 15 நிமிசம் தான் உசுரு, கீழ இருந்து ஆளு வர்ற வரைக்கும் தாங்காது, பக்கத்துல இருக்கறவன் தான் தோண்டோணும். புதுப்பனி கொட்டுன மறுநாளு என்ன பண்ணுவீங்கன்னு ஒரு கேள்வி கேளுங்க. "ஒண்ணும் பிரச்சனை இல்ல பையா, போயிறலாம்"னு சொன்னாங்கன்னா போகாதீங்க. 30ல இருந்து 45 டிகிரி சாய்வு தான் எச்சாச் சரியும், ஏறறதுக்குத் தோதான சாய்வும் அதுவே தான்.

ஹிந்தி ஒரு மாசத்துல வந்துரும், அடுப்படில இருந்தா பதினஞ்சு நாளு. முடிச்சுக்கு நீங்க பயப்படவே வேண்டாம், கோர்ஸ்ல ஷீட் பெண்ட்னு சொல்லிக் குடுத்தாங்களே, நூல் அறுந்தா தறில போடற முடிச்சு தானுங்க அது, நாலு வயசுல இருந்து போட்டிருப்பீங்க. சீசன் முடிச்சுட்டு வந்து அட்வான்ஸ் கோர்ஸுக்கு எழுதிப் போடுங்க, ஏ கிரேடு இருக்குது, அதை சும்மா உடாதீங்க. அதுலயும் ஏ வாங்குனா சொல்லிக்குடுக்கறதுக்குன்னே ஒரு கோர்ஸ் இருக்குது.

அப்புச்சி_அவினாசி:
நான் தறி ஓட்டுனவன் கண்ணு, 40 வருசம். உன்ற அய்யன் மூஞ்சி குடுக்காததுக்கு மலை காரணமா இருக்காது. 8 தறிக்கு ஒத்தையாளு ஆகாது, ரெண்டு மாசத்துக்கு ஆளு எங்க கெடைக்கும், கூலி ஆரு குடுக்கறதுன்னு தான் அந்த மனுசன் ரோசனை பண்ணிட்டு இருப்பான், வாய உட்டுச் சொல்லமாட்டான். நீ போயி மலையப் பத்திப் பேசாத. ஒரு ஆளப் புடிச்சு அவனுக்கு ரெண்டு மாசக் கூலிய உன்ற பணத்துல எடுத்து வெச்சுட்டு, அய்யா இன்னாரு நாளைல இருந்து வர்றாருன்னு சொல்லிப் பாரு.

மேட்டாங்காட்டான்:
அப்புச்சி சொன்னது 👌 ஆளு வேணும்னா சோமனூர்ல எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் சும்மா தான் இருக்கறான், தனியா மெசேஜ் போடுங்க தம்பி. மொதல்ல ஓட்டுனதுக்குப் பரிகாரம்.

தறிச்சத்தம்:
அப்டேட் குடுக்கறனுங்க. அப்புச்சி சொன்ன மாதிரியே பண்ணுனேன். அய்யன் ஒண்ணும் சொல்லல, அந்த சோமனூர்ப் பையன வரச்சொல்லி மூணாவது தறில நிறுத்திப் பாத்தாரு, நூலு ரெண்டு தடவை அத்துது, "செரி, தேறிக்குவான்"னாரு. அதை எனக்குச் சொன்னாரா அவனுக்குச் சொன்னாரான்னு தெரியல. அம்மாகிட்ட பொய் சொல்லலீங்க்கா, அழுகுது, ஆனா கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் திரிச்சுட்டு இருக்குது.

கம்பெனிக்குக் கூப்புட்டுக் கேட்டேன். இன்சூரன்ஸ்ல என்ற பேரு சேத்து அனுப்பறேன்னு சொல்லி நேத்தைக்கு பேப்பரும் அனுப்பீட்டாங்க. புதுப்பனிக் கேள்விய கேட்டதுக்கு அந்தப் பக்கம் பேசுனவரு சித்த நேரம் சும்மா இருந்துட்டு, "போகமாட்டோம், ரம்மி ஆடுவோம்"னாரு. மே 2ந்தேதி கெளம்பறேன்.

ஷூவும் க்ராம்பானும் அங்கயே குடுப்பாங்களாம். ஷூவுக்குள்ள பனி போகாம காலுல கட்டற கெய்ட்டரும் உள்ள போடற மெல்லிசு க்ளவுஸும் மட்டும் நானே வாங்கோணும். கோயமுத்தூர்ல நல்லதா எங்க கெடைக்குமுங்க?

பச்சமலை_கோபி:
வாங்க வேண்டாம். என்ற கெய்ட்டர் அட்டாலி மேல தான் கெடக்குது, ஒரு எடத்துல க்ராம்பான் கிழிச்சிருக்குது, தெச்சுக்கலாம். திருப்பூர்க்காரரு குடுத்த க்ளவுஸும் இருக்குது. ஞாயித்துக்கெழமை கோபி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டு மெசேஜ் போடுங்க.

தறிச்சத்தம்:
வர்றனுங்ணா. பத்து மணி பஸ்சுக்கு.